எழுநூற்றைம்பது வாட்

2015 ஆகஸ்ட் 16, ஞாயிறு. பொள்ளாச்சி

துணைமின் நிலையத்தில் புதிய லாக் புத்தகம் தொடங்கினால், பணியில் யார் யார் என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டுத்தான் மற்றது. இருபத்தாறு வருடப் பழக்கம், வீட்டு டைரியிலும் விடுவதாக இல்லை.

சுலோச்சனா, வயது நாற்பத்தேழு, மின்வாரியத்தில் இளநிலைப் பொறியாளர். அது நான். தண்டபாணி, ஐம்பத்திரண்டு, என் வீட்டுக்காரர். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு இருபத்துநான்கு வருடம் பஸ் ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் மலையிலிருந்து இறங்கும்போது, பதிமூன்றாவது கொண்டை ஊசி வளைவில், வலது கண் ஒரேயடியாக இருட்டிவிட்டது. வண்டியை ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்லிவிட்டுத்தான் கண்டக்டரிடம் விஷயத்தைச் சொன்னாராம். ஒரு பயணிக்கும் கீறல் கிடையாது. இப்போது டிப்போவில் உட்கார்ந்து நேரம் குறிக்கும் வேலை. சிந்துஜா, இருபத்திரண்டு, ஒரே பெண். கோயம்புத்தூரில், இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டியதுபோல் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டும் கம்பெனியில் வேலை. தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள்.

விஷயம் இதுதான். சிந்து எட்டு மாதமாக யாருக்கும் சொல்லாமல் ஆழியாறு அடிவாரத்திலிருந்து நாற்பது வளைவுகளையும் வரைந்திருக்கிறாள். பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறதாம். நாமே வரைந்த சாலையை அதற்குள் போட்டுக்கொள்ளலாமாம். இன்று தன் லேப்டாப்பில் ஒன்பதாவது வளைவைக் காட்டினாள்.

அவர் சட்டை போட்டுக்கொண்டு வெளியே கிளம்பியவர், அப்படியே நின்றுவிட்டார். பத்து நிமிடம் இருக்கும்.

"கண்ணு, அந்தக் கைப்புடிச் சொவத்துல மூணாவது கல்லு ஒடஞ்சிருக்கோணும்" என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வருடத்தில் அந்த மலையைப் பற்றி அவர் சொன்ன முதல் வாக்கியம் அது. அவர் தங்கச்சி வீடு வால்பாறையில்தான். அங்கே சீருக்குக்கூட மலையேற மாட்டேன் என்று என்னைத் தனியாக அனுப்பியவர். நான் அடுப்பை மறந்து நின்றுவிட்டேன். பருப்பு அடிப்பிடித்ததும் இதனால்தான்.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

சிந்து அவரை அந்தச் சாலையில் ஓட்ட வைக்கப் போகிறாளாம். ஸ்டியரிங், மூன்று பெடல், முன்னால் மூன்று திரை. மூன்று திரையிலும் மரம், பனி எல்லாம் தடங்கலில்லாமல் ஓடவேண்டும் என்றால், படத்தை வரைந்து தள்ளும் கிராபிக்ஸ் கார்டு ஒன்று மட்டும் இருந்தால் மூச்சுவாங்குமாம். இரண்டு வேண்டும் என்கிறாள்.

"ஒத்தக் கண்ணுல எப்படி அம்மிணி தூரம் தெரியும்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது.

"திரை தட்டையானதுதானம்மா. அதுல தூரம்னு ஒண்ணு கெடையாது. ரெண்டு கண்ணு இருக்கறவங்களும் அங்க ஒத்தக் கண்ணுக்காரங்கதான். அப்பாவுக்கு அங்க கொறையே இல்ல."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தேன். இவளையா கணக்கு வராத பெண் என்று பத்தாம் வகுப்பில் திட்டினேன்?

ஒன்று மட்டும் எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும். அவர் ஒருமுறைதான் உட்காருவார். சரியாக இல்லையென்றால் எழுந்து போய்விடுவார், அதன்பிறகு யார் கூப்பிட்டாலும் வரமாட்டார். கண் போன நாளிலிருந்து எல்லாவற்றிலும் அப்படித்தான் இருக்கிறார்.

மற்ற சாமானெல்லாம் சிந்து பொறுப்பு. எஸ்எம்பிஎஸ், அதாவது கரண்டை வாங்கிக் கம்ப்யூட்டருக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். ஒரு தாலுகாவுக்கே சப்ளை கொடுக்கிறவள் நான். ஒரு பெட்டிக்குக் கொடுக்க மாட்டேனா?

ஆகஸ்ட் 22, சனி

கோயம்புத்தூர் நூறடி ரோட்டில் ஜெரோம் என்பவர் கடை. முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு பக்கம் விற்பனை, மறுபக்கம் மேஜை நிறைய வயிறு திறந்து கிடக்கும் யூபிஎஸ்கள். சுத்தம் போதாது. ஆனால் திருகாணிகளை அளவு வாரியாக மிட்டாய் டப்பாக்களில் போட்டு வைத்திருந்தார். மரியாதை வந்தது.

"ரெண்டு கார்டுன்னா ஆயிரத்து இருநூறு வாட் போட்ருங்க மேடம்" என்றார், கையில் ஒரு பெட்டியை எடுத்தபடியே.

எனக்கு எரிச்சல். கணக்குப் போடாமல் எப்படிச் சொல்லலாம்? பேப்பர் வாங்கிக் கணக்குப் போட்டுக் காட்டினேன். கார்டு ஒன்றுக்கு 290, இரண்டுக்கு 580. பிராசஸர் 140. மற்றவை 80. மொத்தம் 800 வாட்.

"எண்ணூறுக்கு எதுக்கு ஆயிரத்து இருநூறு? நூறு வீட்டுக்கு ட்ரான்ஸ்பார்மர் வெக்கறப்ப நூறு வீட்டு லோடையும் கூட்டி வெப்பமா? நூறு வீட்லயும் ஒரே நொடியில மிக்சி ஓடாதுங்க. முக்கால் பங்கு வெச்சாப் போதும். அறுநூறு. நான் எழுநூத்தம்பது எடுத்துக்கறேன், அதுவே தாராளம்."

"மேடம், அது வீடுங்களுக்கு. இது..."

"நான் இருவத்தாறு வருசமா இதத்தான் பண்றேன் தம்பி."

அவர் கையிலிருந்த பெட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்தார். சிந்து என்னைப் பெருமையோடு பார்த்தாள். எழுநூற்றைம்பது வாட், நல்ல கனம், ஓயாத காற்றாடி, வயர்களெல்லாம் சடை பின்னியதுபோல் உறைபோட்டு வருகிறது. பார்க்கவே அழகு.

வரும் வழியில் கிணத்துக்கடவில் தக்காளி வாங்கினோம்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

மதியம் முழுக்கச் சேர்த்தோம். இரண்டு கார்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததும் கம்ப்யூட்டர் பெட்டி நிறைந்துவிட்டது. ஸ்விட்சைப் போட்டேன். முதல் தடவையிலேயே உயிர் வந்தது. வீட்டு வோல்டேஜ் 228. ஒரு திரையில் இரண்டு மணி நேரம் ஓடியது, சூடுகூட ஏறவில்லை.

என் கணக்கு சரி. எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

மாதாந்திர ஷட்டவுன். காலை ஒன்பது முதல் ஐந்து வரை வெயில். ஃபீடர் லைனை உரசிய வேப்பங்கிளை வெட்டினோம். கேஸ் சிலிண்டர் பதிய மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 26, புதன்

ஸ்டியரிங் வந்துவிட்டது. சிந்து மேஜையில் இறுக்கி மாட்டினாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தார்.

"பஸ்ஸு ஸ்டியரிங்கு இம்முட்டூண்டா இருக்கும்?"

"பெரிசு மாட்டுனா மேஜ தாங்காதுங்கப்பா."

"பொம்ம வண்டி ஓட்டற வயசா எனக்கு?" என்றார். ஆனால் கை கழுவிவிட்டு வந்து ஸ்டியரிங்கில் ஒரு விரலை வைத்து லேசாகத் திருப்பிப் பார்த்தார். நாளைக்கு அவருக்கு வார ஓய்வு. நானும் லீவு சொல்லிவிட்டேன். சிந்துவுக்குத்தான் லீவு கிடைக்கவில்லை. "பரவால்லம்மா, அப்பா மனசு மாறறதுக்குள்ள நீ உக்கார வெச்சிரு" என்றாள்.

ஆகஸ்ட் 27, வியாழன்

பிற்பகல் மூன்று மணி. திரை நன்றாகத் தெரியவேண்டும் என்பதற்காக ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டியிருந்தாள் சிந்து. அறை கும்மிருட்டு. மூன்று திரையில் மட்டும் ஆழியாறு.

உட்கார்ந்தார். சீட்டை முன்னால் தள்ளினார். இல்லாத கண்ணாடியைச் சரிசெய்யக் கையைத் தூக்கி, சிரித்துக்கொண்டார். பஸ் நகர்ந்தது.

நான் பின்னால் ஸ்டூலில். முதல் வளைவில் தடுமாறினார். மூன்றாவதில் கை பழகிவிட்டது. ஆறாவதில் அவர் தோள் சாய்ந்த விதத்தைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னால், சோலையாறு பவர்ஹவுசில் எனக்கு முதல் போஸ்டிங், அவருடைய பஸ்ஸில் போவேன். டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்த அதே தோள். டிப்ளமா படித்தவள் டிரைவரைக் கட்டுகிறாளே என்று ஊரே பேசியது. அந்தத் தோளை ஊர் பார்த்ததில்லை.

ஒன்பதில் ஹாரன் அடித்தார். "இங்க வரையாடு நிக்கும்" என்றார். திரையில் ஆடு இல்லை. ஆனாலும் மெதுவாக்கினார்.

பதினேழில் பனி இறங்கியது. மூன்று திரையும் வெள்ளை. அதற்குள் மரங்கள் கருப்பாக எழுந்து வந்தன. என் பெண் இதைக் கையால் வரைந்தாளா என்று மலைத்துப்போய் இருந்தேன்.

டக் என்றது. திரை மூன்றும் அணைந்தன. காற்றாடிகளும் நின்றன. அறை முழு இருட்டு.

அவர் பிரேக்கை மிதித்தபடி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார் என்பது, மறுபடி வெளிச்சம் வந்தபோதுதான் தெரிந்தது. நான்கைந்து நொடி. மிஷின் தானாகவே திரும்ப உயிர்பெற்று, முதல் பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

கண்ணைத் திறக்காமலேயே கேட்டார். "சுலோ, இப்ப கரண்டு போச்சா?"

இல்லை என்றேன்.

"மிஷினு நின்னுச்சா?"

"இல்லீங்களே, ஓடிட்டுத்தான இருக்குது. நீங்க எதையோ அமுத்திட்டீங்க போல, வெளிய வந்திருச்சு."

பிறகு எழுந்து போய் முகம் கழுவினார். டீ வேண்டாம் என்றார்.

வீட்டு வோல்டேஜ் 231. இயல்பு.

ஆகஸ்ட் 28, வெள்ளி

பனியைப் பார்த்து அப்பா பயந்துவிட்டார், தான்தான் அதிகமாகப் போட்டுவிட்டேன் என்று சிந்து முடிவு கட்டிவிட்டாள். சாயங்காலம் வந்ததும் பனி முழுவதையும் எடுத்தாள். நான் மாவு அரைத்தேன்.

அவர் காலையில் மொட்டைமாடியில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு. அந்தக் கண்தான் ஏற்கெனவே தெரியாதே, அதை எதற்குப் பொத்துகிறார்?

ஆகஸ்ட் 29, சனி

மறுபடி உட்காரக் கூப்பிட்டாள். "அப்பறம் பாக்கலாம் கண்ணு" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் சரியில்லை.

சிந்து இன்று மரங்களை எடுக்கத் தொடங்கினாள். சாலை நெருக்கமாக இருப்பது அவருக்கு மூச்சுமுட்டுகிறதோ என்று சந்தேகம். பத்தாவதிலிருந்து இருபதாவது வரை மலை மொட்டையாகிவிட்டது. ஒவ்வொரு மரத்தையும் அவள் அழிக்கும்போது ஒரு சின்ன சத்தம் வருகிறது. அடுப்படி வரை கேட்கிறது.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

வெண்டைக்காய் நறுக்கும்போது அவர் எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னத்தப் பாக்கறீங்க, வேல இல்லியா?" என்றேன். ஒன்றுமில்லை என்றார்.

ஆகஸ்ட் 31, திங்கள்

காலையில் மாடியிலிருந்து கூப்பிட்டார். தூரத்தில் தெரியும் மின் டவரில் எத்தனை இன்சுலேட்டர் பீங்கான் தட்டு என்று கேட்டார். ஒன்பது என்றேன். "நான் ஒம்பதுதான் எண்ணுனேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார். டிப்போவுக்கு லீவு போட்டுவிட்டுக் கோயம்புத்தூரில் யாரையோ பார்க்கப் போவதாகச் சொன்னார்.

அவரும் சிந்துவும் போனதும் நான் மட்டும் இருந்து மிஷினை ஓட்டிப்பார்த்தேன். பனி எடுக்காத பழைய நகலைப் போட்டு. இருபது நிமிடத்தில் மூன்று தடவை அணைந்தது. மூன்று தடவையும் டக் என்ற சத்தம் நான் வாங்கிய எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள்ளிருந்துதான் வந்தது. எனக்கு அது புதுச் சத்தமில்லை. லோடு தாங்காமல் பிரேக்கர் விழுகிற சத்தம். வியாழக்கிழமையே தெரியும்.

எழுதிவிட்டேன். இந்த வரியை அடிக்கப் போவதில்லை.

செப்டம்பர் 1, செவ்வாய்

மிஷினை ஒரு காட்டன் புடவையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஜெரோம் கடைக்குப் போனேன். என்ன நடந்தது என்று சொன்னேன். 'அன்னிக்கே சொன்னேனே' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். சொல்லவில்லை. அவரிடம் பழைய ஆஸிலோஸ்கோப் ஒன்று இருக்கிறது. கரண்ட் ஏறி இறங்குவதைக் கோடாக வரைந்துகாட்டும் கருவி. அந்தப் பெட்டியிலிருந்து கார்டுகளுக்குப் போகும் மஞ்சள் வயர்களை ஒரு கிளாம்புக்குள் விட்டு விளையாட்டை ஓட்டினார்.

நான் பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

எங்கள் கன்ட்ரோல் ரூமில் அம்மீட்டர் முள் இருக்கிறது. காலை ஆறுக்கு மெல்ல ஏறும், பத்துக்கு இறங்கும், சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரம் மறுபடி ஏறும். ஒரு ஊரே எழுந்து, குளித்து, சமைத்து, தூங்குவது அந்த முள்ளில் தெரியும். லோடு என்றால் எனக்கு அதுதான். மணிக்கணக்கில் அசையும் பெரிய உடம்பு.

ஜெரோமின் திரையில் கோடு ஊசி ஊசியாகக் குத்திட்டு நின்றது.

"ஒரு கட்டம் எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"ஒரு நொடியில ஆயிரத்துல ஒண்ணு மேடம்."

அந்த ஒரு கட்டத்துக்குள் அந்தக் கார்டு ஐம்பது வாட்டிலிருந்து நானூற்றைம்பதுக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. 290 என்று அட்டையில் போட்டிருப்பது சராசரி. என் ஊர் ஒரு நாள் முழுக்கச் செய்வதை, இது நான் கண் இமைப்பதற்குள் நூறு தடவை செய்துவிடுகிறது. பன்னிரண்டே வோல்ட். கையால் தொட்டால் ஒன்றும் செய்யாது. அதில் எழுபது எண்பது ஆம்பியர், விரல் தடிமன் வயர்கட்டில். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வோல்ட் லைனுக்குக் கீழே பயமில்லாமல் நின்றவள், அந்த மஞ்சள் வயரைப் பார்த்து ஒரு அடி பின்வாங்கினேன்.

"சரி, ரெண்டு கார்டும் ஒரே நேரத்துல உச்சிக்குப் போகணும்னு என்ன? ஒண்ணு ஏறறப்ப இன்னொண்ணு எறங்கலாமே. முக்கால் பங்கு எங்க தப்பாச்சு?"

ஜெரோம் இன்னொரு கிளாம்பை எடுத்துக்கொண்டே சொன்னார். "மேடம், உங்க நூறு வீடு இருக்குதே, அதுல ஒரு வீட்டுக்கு இன்னொரு வீட்டப் பத்தித் தெரியாது. அவங்கவங்க இஷ்டத்துக்கு மிக்சி போடுவாங்க. இதுங்க ரெண்டும் ஒரே படத்தப் பங்கு போட்டு வரையுதுங்க. பனி வந்தா ரெண்டுக்கும் வரும். ஒண்ணு எழுந்தா இன்னொண்ணும் எழுந்தே ஆகணும்."

இரண்டாவது கிளாம்பையும் மாட்டினார். திரையில் இரண்டு கோடுகள், மேலே ஒன்று, கீழே ஒன்று. பனிக்குள் பஸ் நுழைந்ததும் இரண்டும் ஒன்றாக எழுந்தன. மற்றதையும் சேர்த்துக் கூட்டினால் ஆயிரத்தைத் தாண்டியது. டக்.

கைகூப்பத் தோன்றியது. யாரைப் பார்த்துக் கூப்புவது? ஒரே காட்சியைக் காட்டுவதற்காக, சொல்லிவைத்ததுபோல் ஒரே கணத்தில் மூச்சை இழுத்துக்கொள்ளும் இரண்டு தகடுகள். நான் அவற்றின் மூக்கைப் பிடித்துவிட்டிருந்தேன்.

ஆயிரத்து இருநூறு வாட் பெட்டியை எடுத்துக்கொண்டேன். ஜெரோமே மாட்டி ஒரு மணி நேரம் பனியில் ஓட்டிக்காட்டினார். கோடுகள் எழுந்து எழுந்து விழுந்தன. பெட்டி அசரவில்லை.

செப்டம்பர் 2, புதன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

சாயங்காலம் துணி ஊறப்போட அவருடைய சட்டைப் பையைத் துழாவினேன். கண் ஆஸ்பத்திரிச் சீட்டு. திங்கட்கிழமைத் தேதி. டாக்டர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். இடது கண், திடீரென்று முழுப் பார்வை இழப்பு, சில நொடிகள், ஒரு தடவை, ஆகஸ்ட் 27 பிற்பகல். கண்ணுக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்து ரத்தக்குழாய்க்கு ஸ்கேன் எடுக்கவேண்டும்.

இடது கண். இருக்கிற கண்.

வலது கண்ணும் அப்படித்தான் போனது. முதலில் சில நொடி இருட்டித் திரும்பும். பத்து நாளில் இரண்டு தடவை. பிறகு ஒரேயடியாக. அது எனக்குத் தெரியும். அவர் சொல்லி நான்தான் அன்று டாக்டரிடம் எழுதிக்கொடுத்தேன்.

இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ தடவை கம்பத்தின் மேலிருந்து ஆள் கத்திக் கேட்டிருக்கிறான், "மேடம், லைன் ஆப்பா?" என்று. ஒரு தடவைகூட நான் பார்க்காமல் பதில் சொன்னதில்லை. தெரியாவிட்டால் தெரியாது என்பேன். என் பதிலை நம்பித்தான் அவன் கை வைப்பான். வீட்டில் என் புருஷன் கண்ணை மூடிக்கொண்டு என்னிடம் அதே கேள்வியைக் கேட்டார். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பொய் சொன்னேன். எதற்கு? ஜெரோம் முன்னால் பேப்பரில் போட்ட கணக்குக்காக.

மாடியில் இருந்தார். மலை செவ்வானத்துக்கு முன்னால் கருப்பாக நின்றது. சீட்டை நீட்டினேன்.

"இது வேண்டாங்க. உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்ல. அன்னிக்கு மிஷினுதான் நின்னுச்சு. நான் வாங்குன பெட்டி பத்தல. அறை இருட்டாயிருச்சு. நான் பாத்தேன். உங்ககிட்ட இல்லைன்னு சொல்லிட்டேன்."

அவருக்கு உடனே விளங்கவில்லை. இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவையைவிட அது கஷ்டமாக இருந்தது.

"அப்ப எங்கண்ணு போகலியா?"

"போகலீங்க."

தண்ணித் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன், அழுதார். அழுதுகொண்டே சொன்னார்.

"ஆறு நாளு, புள்ள. ஆறு நாளா உம் மூஞ்சியும் சிந்து மூஞ்சியும் பாத்துப் பாத்து மனசுல வெச்சுக்கிட்டிருக்கறேன். எப்ப வேணாலும் போயிரும்னு. காலைல முழிக்கறப்ப கண்ணத் தொறக்கவே பயம். நீ வெண்டக்கா நறுக்குனியே, அதக்கூடப் பாத்து வெச்சுக்கிட்டேன்."

அவர் காலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். இருட்டுகிற வரைக்கும் அவர் மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 3, வியாழன்

சிந்துவிடமும் சொன்னேன். "நாலாயிரம் மரம்மா" என்றாள். பழைய நகல் இருந்ததால் மரம் பிழைத்தது. நான் பிழைத்தேனா என்று தெரியவில்லை. இரண்டு பேரும் என்னோடு பேசவில்லை. ரசம் வைத்தேன். சாப்பிட்டார்கள்.

செப்டம்பர் 4, வெள்ளி

ஸ்கேனும் எடுத்துவிடலாம் என்று நானே கூட்டிப்போனேன். ரத்தக்குழாய் சுத்தம். டாக்டர் கேட்டதற்கு நடந்ததை நானே சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்க்கட்டும்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் தூங்கிவிட்டார். தலை என் தோளில் விழுந்தது. எட்டு நாளுக்குப் பிறகு நிம்மதியான தூக்கம் போல. நான் இறங்கும் வரை தோளை அசைக்கவில்லை.

செப்டம்பர் 5, சனி

காலை பத்து மணி. யாரும் கூப்பிடவில்லை. அவராகவே வந்து சீட்டில் உட்கார்ந்தார்.

"பனியப் போட்டியா கண்ணு?"

"வேண்டாம்னா எடுத்தர்றனுங்கப்பா."

"போடு. பனியில்லாம அது மலையா?"

சிந்து ஜன்னல் போர்வையை இழுத்துவிடப் போனாள். "தொறந்தே இருக்கட்டும்" என்றார். என்னைப் பார்த்து, மூன்று நாளில் முதல் தடவையாக, "நீ அங்க உக்காராத, இங்க பக்கத்துல வா" என்றார்.

ஓட்டினார். பதினேழில் பனி வந்தது. என் காது அந்தப் பெட்டியின் மேலேயே இருந்தது. காற்றாடி சத்தம் மெல்ல உயர்ந்தது. உள்ளே இரண்டு கோடுகளும் ஒன்றாக எழுந்து எழுந்து விழுவது எனக்குத் தெரியும், மூன்று திரையிலும் வெள்ளைக்குள்ளிருந்து மரம் மரமாக வந்துகொண்டிருந்தது. பதினெட்டு. பத்தொன்பது. இருபத்தேழில் எதிரில் லாரி. ஒதுங்கி நின்று, ஏறுகிற வண்டிக்குத்தான் முதலில் வழி என்று அந்த லாரியைத் திட்டினார். சிந்து விழுந்து விழுந்து சிரித்தாள். "இந்த வளைவு இவ்வளவு சாயாது", "இங்க தண்ணி ரோட்டுக்கு மேல ஓடும்", "இங்க மூணாவது கியரு போடவே கூடாது" என்று அவர் சொல்லிக்கொண்டே ஓட்டினார். இவள் எட்டு மாதம் படம் பார்த்து வரைந்த சாலையை, அவர் இருபத்துநான்கு வருடம் கையிலும் காலிலும் வைத்திருந்திருக்கிறார். ஒரு மனிதனுக்குள் ஒரு மலை முழுசாக இருந்தது. அதே வீட்டில் நான் இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டு சாப்பிடும் ஆளைத்தான் பார்த்தேன்.

நாற்பதாவது வளைவு முடிந்ததும் சாலையும் முடிந்தது. அதற்குப் பிறகு வெறும் சாம்பல் நிறம். ஹேண்ட்பிரேக் போட்டார்.

"மிச்சம் எங்க?"

"இன்னும் வரையலீங்கப்பா. போட்டோ சரியாக் கெடைக்கல."

அவர் அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்தபடியே ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"போட்டோ எதுக்கு? நாளைக்கு நேர்ல போயிப் பாத்துட்டு வந்தர்லாம். காலைல மொத வண்டி" என்றார்.

சிந்து என்னைப் பார்த்தாள். நான் அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 6, ஞாயிறு

பஸ்ஸில் எழுதுகிறேன், கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஆழியாறு தாண்டிவிட்டோம். அவருக்கு இடது பக்க ஜன்னல். நான் பக்கத்தில். சிந்து முன்சீட்டுப் பக்கம் நின்றுகொண்டே போனில் படம் எடுத்தபடி வருகிறாள். டிரைவர் இவரை அடையாளம் கண்டு "அண்ணா, முன்னால வந்து உக்காருங்கண்ணா" என்றார். வேண்டாம் என்றுவிட்டார். வளைவு வரும்போதெல்லாம் அவர் வலது கால் மட்டும் பலகையை அழுத்துகிறது.

பன்னிரண்டு.

பதிமூன்றில் என் கையைப் பிடித்தார். "இங்கதான்" என்றார். இரண்டு வருடத்தில் அந்த இடத்தைக் காட்டியதில்லை. ஒரு பாறை, ஒரு மைல்கல், கீழே காடு. வேறு ஒன்றுமில்லை. அன்றைக்கு நாற்பத்தெட்டுப் பேர் இருந்தார்களாம். ஒவ்வொருவராக இறக்கிவிட்டுத்தான் அவர் இறங்கினாராம். எனக்கு அதுவும் தெரியாது.

"சித்த இரு, திரும்பறப்ப டேமு முழுசும் தெரியும்" என்றார்.

பஸ் திரும்பியது. மேகத்துக்குக் கீழே அணைத் தண்ணீர் முழுவதும் விரிந்து வெயிலில் கிடந்தது. அதற்கப்பால் தென்னந்தோப்புகள், எங்கள் ஊர், என் டவர்கள் வரிசையாக, எல்லாம்.

"தெரியுதா?" என்றார்.

"தெரியுதுங்க."

"எனக்கும்" என்றார்.